அகப்புண்ணுக்குச் சான்று யார்?

படையாளன் மெய்யிற்பட்ட புண்ணைப் பழந்தமிழர் இருவகையாகக் கண்டனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், முதுகிற்பட்டது புறப்புண். முன்னதைப் பெற்றவன் ஊரார் முன் நிமிர்ந்து நடந்தான். பின்னதைப் பெற்றவன் நாணித் தலைகுனிந்தான். வெண்ணிப் போரிலே கரிகாலனின் வேல் மார்பை ஊடுருவி முதுகையும் புண்படுத்த, அந்தப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனின் வரலாற்றை வகுப்பறையிலே எத்தனை முறை சொல்லியிருப்போம்! மார்பிலாயினும் முதுகிலாயினும் அப்புண்ணை எவரும் கண்ணாற் காணலாம். எந்தக் களத்தில், எந்நாளிற் பட்டதென்று உடன்நின்றோர் சொல்லலாம். கண்ணுக்குத் தோன்றாததும் பட்ட நாள் தெரியாததுமான மூன்றாவது புண் ஒன்று உண்டென்பதைப் பண்டையோர் எண்ணிப் பார்க்க நியாயமில்லை. ஆனால் இக்காலத்து அரசாங்கங்களும் அதனை எண்ணிப் பார்க்கத் தயங்குகின்றனவே, அதனைத்தான் இங்கே பேச விரும்புகின்றேன்.

இவ்வெண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து தோன்றவில்லை. திருக்கோவிலிலே ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து, கடற்கரை வீதியிற் கடைகள் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், கல்முனைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். போர்க்காலத்திலே ஊர்காவற்படையிற் சேவை செய்தவர். ஐம்பது வயதிருக்கும். வலக்காலைச் சற்றே இழுத்து நடந்தார். திண்ணையில் அமர்ந்ததும் மடியிலிருந்து ஒரு விண்ணப்பப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்றால் ஊருக்கெல்லாம் மனு எழுதுபவன் என்பது நம் பகுதியில் எழுதாத சட்டம். ஆகவே எனக்கு வியப்பில்லை.

"எல்லாத்தையும் நிரப்பிட்டன் சேர். இந்த ஒரு கூடுதான் வெளங்கல்ல" என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தில் 'நோய் தொடங்கிய திகதி' என்றிருந்தது. 

கேட்டுப் பார்த்தேன். இளவயதில் இராக்காவலில் நின்றபோது ஒரு கண் மங்கிற்று; இரண்டு வாரத்திலே தானாகத் தெளிந்தது. இரண்டு மூன்றாண்டு கழித்துப் பாதங்கள் மரத்தன, நெடுநேரம் சப்பாத்துடன் நின்றதால் வந்ததென்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டார், அதுவும் போயிற்று. பின்னர் நெடுங்காலம் ஒன்றுமில்லை. சேவையை விட்டுப் பல்லாண்டு சென்றபின், ஒருநாள் காலையிற் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. ஆஸ்பத்திரி பலவும் ஏறி இறங்கி, மூளையையும் முள்ளந்தண்டையும் காந்தப் படம் பிடித்தபின்னரே வைத்தியர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்: மல்ற்றிப்பிள் ஸ்கிளெறோசிஸ். இப்போது அந்தக் கூட்டிலே எந்தத் திகதியை எழுதுவது? கண் மங்கிய நாளையா? கால் மரத்த நாளையா? பெயர் கிடைத்த நாளையா? பெயர் கிடைத்த நாளை எழுதினால் சேவைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று பத்திரம் திரும்பிவிடும். கண் மங்கிய நாளை எழுதினால் அதற்குச் சான்று எங்கே என்று கேட்பார்கள். 

பலருக்கும் பழக்கமில்லாத நோய் ஆதலால் அதனைப்பற்றி இரண்டு வார்த்தை. மின்கம்பியின்மீது இறப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்பு நார்களின்மீது கொழுப்பாலான ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அவ்வுறையை அரித்துவிடுகின்றது. அரிக்கப்பட்ட இடங்கள் மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் ஆங்காங்கே தழும்பேறிக் கிடக்கும். பல தழும்பு என்பதே அதன் பெயருக்குப் பொருள். பாரிஸ் நகரத்து வைத்தியப் பேராசான் ஷார்க்கோ 1868இல் இதனைத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள்ளே, அதாவது படையில் ஆட்சேர்க்கும் வயதிலும் அதையடுத்த ஆண்டுகளிலும், தலைகாட்டும் நோய் இது. பெரும்பாலானோருக்கு வந்து வந்து போகும். போகும்போது முழுக்கப் போனதுபோலவே தோன்றும். குளிர்நாடுகளில் மிகுதி, நம்மைப்போன்ற வெப்பநாடுகளிற் குறைவு. குறைவு என்பது நமக்கு ஆறுதலாகலாம். நோயாளிக்கு அதுவே துன்பம். அருகிக் காணும் நோயை வைத்தியர் எளிதில் நினைப்பதில்லை. பெயர் கிடைக்க ஆண்டுகள் செல்கின்றன.

இந்நோய்க்கு இன்னொரு குணமும் உண்டு. ஜெர்மானியக் கண்வைத்தியர் ஊட்டோவ் என்பவர், இந்நோயாளர் சிலருக்கு உடலுழைப்பின் பின் பார்வை மங்குவதை 1890இல் எழுதிவைத்தார். உடற்சூடு ஏறுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. காந்தப் படம் வருமுன்னர், ஐயத்துக்குரிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி, கைகால் தளர்கின்றனவா என்று பார்ப்பதே ஒரு சோதனையாக இருந்தது. இதனை நமது கரைக்குப் பொருத்திப் பாருங்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரையிலான வீதியிலே, பங்குனி வெயிலில், ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கால்மைல் நடப்பதே வெந்நீர்த் தொட்டிச் சோதனைதான். அவனை வைத்தியச் சபை சோதிப்பது எங்கே? காலை ஒன்பது மணிக்கு, குளிரூட்டிய அறையிலே. அங்கே அவன் நேராக நிற்பான்; விரலால் மூக்கைத் தொடுவான்; கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாக விடை சொல்வான். 'ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்' என்று எழுதுகின்ற வைத்தியர் பொய் எழுதவில்லை. அந்த நேரத்தில், அந்த அறையில், அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

இயலாமையை அளக்கக் கோலே இல்லையா என்றால், இருக்கின்றது. அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளிலே பணிபுரிந்த ஜோன் கேர்ட்ஸ்கி என்ற நரம்பியல் வைத்தியர் 1955இல் வகுத்த அளவுகோல் அது. 1983இல் அதனை விரித்தார். பூச்சியம் முதல் பத்து வரை அதன் படிகள். ஊன்றுகோலின்றி ஐந்நூறு மீற்றர் நடப்பவன் ஒரு படி, நூறு மீற்றருக்கே கோல் வேண்டுபவன் இன்னொரு படி, பத்தாவது படி சாவு. உலகமெங்கும் இன்றும் வழங்குவது இதுதான். ஆயினும் நடையையே பெரிதாக எண்ணும் கோல் இது என்ற குறையும் நெடுநாளாகவே சொல்லப்பட்டு வருகின்றது. களைப்பு, மறதி, கண்மங்கல் ஆகியவை இதில் உரிய நிறை பெறுவதில்லை. நூறு மீற்றர் நடந்துவிட்டு மறுநாள் முழுவதும் படுத்துக் கிடப்பவனின் அந்த மறுநாளை எந்தக் கோல் அளக்கும்?

சரி, மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எவ்வாறு அவிழ்த்தன? அமெரிக்கச் சட்டம் ஓர் எளிய வழியைக் கண்டது. அதன் எளிமையே அதன் அழகு. நாட்பட்ட நோய்கள் பலவற்றுக்கு அச்சட்டம் ஓராண்டுத் தவணை வைத்துள்ளது: படையைவிட்டு நீங்கிய ஓராண்டுக்குள் நோய் குறிப்பிட்ட அளவு தலைகாட்டினால், அது சேவையிலேயே உண்டானது என்று சட்டமே கொள்ளும். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் மூன்றாண்டு. மல்ற்றிப்பிள் ஸ்கிளெறோசிசுக்கோ ஏழாண்டு. இந்நோய் மெல்ல வருவது, வந்து மறைவது, பெயரை ஒளித்து வைப்பது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமே அந்த ஏழு. ஏழாண்டுக்குள் நோய்க்குப் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நோயின் குறி தோன்றியிருந்தாற் போதும். நோய் உறுதியானால் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாத இயலாமை என்றே கணக்கிடுவர்.

குறி தோன்றியது என்பதற்குச் சான்று யார்? மனைவி சொல்லலாம். கூடப் படுத்த தோழன் சொல்லலாம். பழைய கடிதமொன்றிலே 'கண் சரியில்லை' என்றெழுதிய ஒரு வரி சொல்லலாம். அக்காலத்து வைத்தியக் குறிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய சாதாரண மனிதரின் சாட்சியத்தைத் தள்ளிவிடலாகாது என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2006இல் புக்கானன் என்பவரின் வழக்கிலே தீர்த்தது. அது வேறொரு நோய்பற்றிய வழக்கு. ஆயினும் அதன் நியாயம் நம் நண்பரின் திண்ணைக்கும் பொருந்துகின்றது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அத்தேசம் இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் சேவை செய்தோருள் இந்நோய்க்காக உதவி பெற்றவர்களின் கோப்புகளைத் தூக்கி எறியவில்லை. 5,305 பேரின் கோப்புகளை எடுத்து, நோயற்ற படையாட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, கேர்ட்ஸ்கியும் அவர் தோழர்களும் 1979இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வட மாநிலங்களிலிருந்து வந்தவர்க்கு இந்நோய் மிகுதி, தென் மாநிலத்தவர்க்குக் குறைவு என்பது அதிலே தெளிவாயிற்று. அதன்பின் 2022இல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி இதனினும் பெரிது. அமெரிக்கப் படையினரிடம் வேறு சோதனைக்காக எடுத்துப் பேணப்பட்ட இரத்தத்தைக்கொண்டு, ஒருகோடிக்கும் மேற்பட்ட படையாட்களின் இருபதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 955 பேர் இந்நோயாளர். எப்ஸ்ரீன்–பார் என்ற வைரசு தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு முப்பத்திரண்டு மடங்காகின்றது என்று கண்டார்கள். உதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்களும் கையில் ஊசி குத்தி எடுத்த இரத்தமும் உலகத்து அறிவாகிவிட்டன. பத்திரத்தைத் திருப்பி அனுப்பி, கோப்பை மூடிவிடும் நாட்டுக்கு இந்த அறிவு கிட்டாது.

இங்கே எதிர்வழக்காடுவோர் ஒரு நல்ல கேள்வி கேட்பர். அந்த வைரசு பெரும்பாலும் எல்லா மனிதரையும் எப்போதாவது தொற்றுவதுதானே. படைச்சேவைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சேவையால் வராத நோய்க்குக் குடிமக்களின் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. இந்நோய்க்குக் காரணம் இன்னதென்று தனியொருவன் விடயத்தில் எவராலும் கூற முடியாது. நாமும் கூற முடியாது, வைத்தியச் சபையும் கூற முடியாது. அப்படியாயின், காரணம் தெரியாத இருளின் பாரத்தை யார் சுமப்பது என்பதே உண்மையான கேள்வி. நோயாளியா, அரசா?

இதற்கு விடை சொன்ன நாடுகளுட் பிரித்தானியா ஒன்று. 1943இல் அங்கே ஓய்வூதிய விதிகள் மாற்றப்பட்டன. நிரூபிக்கும் பாரம் விண்ணப்பித்தவனைவிட்டு மந்திரியின் பக்கத்துக்கு மாறிற்று. போர் முடிந்தபின் அவ்வழக்குகளை விசாரித்தவர், பின்னாளில் நம் சட்ட மாணவரெல்லாம் அறியும் டெனிங் பிரபு. உடற்சோதனை செய்து, தகுதியுள்ளவன் என்று சேர்த்துக்கொண்ட அரசே, நோயுற்றபின் 'இவன் முன்னரே நோயாளி' என்று சொல்வதாயின் அதனை அரசே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அந்த வழி வந்த நியாயம். 

இந்தியாவின் 1982ஆம் ஆண்டு விதிகளிலும் அதே நியாயம் இருந்தது. தரம்வீர் சிங் என்னும் சிப்பாயின் வழக்கு அதனை உலகறியச் செய்தது. 1985இல் சமிக்ஞைப் பிரிவிற் சேர்ந்து, 1994இல் வலிப்பு நோயின் பொருட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். நூற்றுக்கு இருபது இயலாமை என்றெழுதிய வைத்தியச் சபை, நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்றும் ஒரு வரி எழுதிற்று. ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரியும் எழுதவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். மேலமர்வு அதனை மாற்றிற்று. இறுதியில் 2013 யூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது குறிக்கப்படாத நோய், சேவையில் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், இல்லையென்போர் காரணம் காட்ட வேண்டும், ஐயத்தின் பயன் படைவீரனுக்கு உரியது. பத்தொன்பது ஆண்டு! வழக்கை வென்ற சிப்பாயின் இளமை எங்கே போயிற்றென்று எந்தத் தீர்ப்பும் கூறாது.

அந்த நியாயம் நிலைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2008இலும் 2023இலும் இந்தியா வெளியிட்ட புதிய விதிகள் விண்ணப்பித்தோர்க்குச் சாதகமான கொள்கையை நெருக்கிக் குறைத்தன. 2023இல் முன்னாட் படைவீரர் பலர் அதனைக் கண்டித்தனர். நல்ல வசதியோடு வாழ்ந்து, இரத்த அழுத்தத்துக்கும் இயலாமைப் பணம் பெறுவோர் உண்டென்பதே அரசின் அச்சம். அவ்வச்சம் முழுவதும் பொய்யென்று நான் வாதிடேன். ஆனால் ஏமாற்றுவோன் ஒருவனைப் பிடிக்க விரித்த வலையிலே முதலில் அகப்படுபவன், கண்ணுக்குத் தோன்றாத நோயுள்ளவன்தான். ஏமாற்றத் தெரிந்தவன் பத்திரத்தை ஒழுங்காக நிரப்பிவிடுவான்.

இனி நமது தீவு. 1999இல் ரணவிரு சேவை அதிகாரசபையை அமைத்தபோதும், அதன் பின்னரும், காயமுற்ற படையினர்பற்றி நாம் மிகுதியாகப் பேசியிருக்கின்றோம். ஆயினும் 2017இல், பன்னிரண்டாண்டுச் சேவை நிறைவெய்துமுன் ஊனமுற்று விலகியோர், ஆயுட்கால ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு வீதியில் இறங்க நேர்ந்தது. கையிழந்தவரும் காலிழந்தவருமே, காயம் எல்லார் கண்ணுக்கும் தெரிய, கேட்டுக் கேட்டு நிற்கும் நாட்டிலே, அகப்புண்பட்டவன் எந்த வரிசையில் நிற்பான்? ஊர்காவற்படை 2006இலிருந்து சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நம் கரையோரக் கிராமங்களில் துப்பாக்கி தூக்கி இராக்காவல் நின்றவர்களுட் பெரும்பாலோர் ஏழைகள். உடற்சோதனைப் பதிவு, மருந்துத் துண்டு என்று எதையும் பெட்டியில் வைத்துப் பேணத் தெரியாதவர்கள். பேணி வைத்தவர்களுடையதையும் 2004 மார்கழியிற் கடல் கொண்டுபோயிற்று. மறுபுறத்தில் ஆயுதம் ஏந்தி, போரின்பின் ஊர் திரும்பியோருக்கோ, முன்னாட் படையாளன் என்ற கணக்கில் நிரப்புவதற்கு ஒரு பத்திரமே இல்லை. அவர்களுள் ஒருவனுக்கு நாளை இந்நோய் வந்தால், அவன் நரம்பு உறையும் இதேபோலத்தான் அரிக்கப்படும். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. துப்பாக்கியே தொடாத தம்பிலுவில் வயற்காரன் மனைவிக்கு வந்தாலும் அப்படியே. இந்நோய் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. படைவீரனுக்குச் சட்டம் காட்டும் ஏழாண்டுப் பெருமனத்தை மற்றவர்க்கும் காட்டலாகாதா என்று கேட்பீர்களாயின், காட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு கதவு திறந்தபின்தான் அடுத்த கதவைத் தட்ட முடியும். படைவீரன் விடயத்தில், ஆரோக்கியமானவன் என்று அரசே முத்திரை குத்தி எடுத்த சான்று இருக்கின்றது. தட்டுவதற்கு ஏற்ற முதற் கதவு அதுதான்.

நான் கேட்பது பெரிதன்று. ஏழாண்டோ ஐந்தாண்டோ, ஒரு தவணையை நமது சட்டத்திலும் எழுதட்டும். தொடர்பில்லை என்று தள்ளும் வைத்தியச் சபை, ஏன் இல்லை என்பதை விண்ணப்பித்தவன் விளங்கும் மொழியிலே எழுதட்டும். சோதனையை ஒரே நாளில் முடிக்காமல், ஒருமுறை காலையிலும் ஒருமுறை நடுப்பகலிலும் பார்க்கட்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

இன்னொன்று, இதனைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். மனு எழுதுவதை நாம் இழிவாக எண்ணுகின்றோம். கட்டுரையும் கவிதையும் இலக்கியம். மனு இலிகிதர் வேலை என்பது நமது நினைப்பு. 'சமுகம் வாழும் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி, 'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று முடிக்கும் மனுக்களை நானும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கின்றேன். அவற்றிலே பணிவு இருந்தது, செய்தி இருக்கவில்லை. இந்நோயாளனுக்கு அத்தகைய மனு ஒரு காசுக்கும் உதவாது. அவனுக்கு வேண்டியது, எந்த மாதம் கண் மங்கியது, அன்று காவலில் உடன்நின்றவன் யார், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, வெயிலில் எத்தனை கம்பத்தூரம் நடந்தபின் கால் தளர்கின்றது, சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் செல்கின்றது என்பன. இவ்வாறு எழுதுவதற்கு, நல்ல சிறுகதைக்காரனுக்கு இருக்க வேண்டிய அதே கண் வேண்டும்.

அன்று மாலை வரை இருவரும் அமர்ந்திருந்தோம். திகதிகள் அவருக்கு நினைவில்லை. ஆனால் முதன்முதற் கண் மங்கியது நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர் என்பதும், பிறை பார்க்க எல்லாரும் கடற்கரைக்குப் போனபோது தமக்கு மட்டும் பிறை தெரியவில்லை என்பதும் நினைவிருந்தன. மூத்த மகள் பிறந்த ஆண்டு அது. பழைய நாட்காட்டியைத் தேடிப் பிறைக்கணக்குப் பார்த்து ஆண்டையும் மாதத்தையும் பிடித்தோம். அன்று கூட நின்று பிறையைக் காட்டியவர் இன்னும் சாய்ந்தமருதில் இருக்கின்றாராம். அவரிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கலாம் என்றார். பத்திரத்திலே அந்தக் கூடு இரண்டு விரலகலமே இருந்தது. 'இணைப்பைப் பார்க்க' என்று அதில் எழுதி, நான்கு பக்கத் தாளைப் பின்னால் குத்திக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெயில் தாழ்ந்திருந்ததால், வந்தபோது இழுத்த காலைப் போகும்போது அவ்வளவாக இழுக்கவில்லை.